உப்பு ஏறுகிற காலமும் வெயில் காலமும் ஒன்றாகத்தானே வருகிறது? கடைமடையில் மதிய சோலார் மிச்சத்தில் குடிநீர் சுத்திகரிப்பது பற்றி

கடைமடையான்:
எல்லோருக்கும் வணக்கம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசியில், வேதாரண்யத்துக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஊர். மேட்டூரை ஜனவரி 28 அன்று மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் சொட்டு வராது. மாசி முடியும்போதே கைப்பம்பு தண்ணீர் நாக்கில் கரிக்கத் தொடங்கிவிடும். ஊராட்சியில் உப்பை நீக்குகிற ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வைத்திருக்கிறோம், மணிக்கு ஆயிரம் லிட்டர். அதற்குப் போகிற போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் நானே பார்ப்பேன், லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். பொங்கலுக்கு ஆயிரத்துச் சொச்சம் காட்டியது, சித்திரையில் 2,500ஐத் தாண்டுகிறது. இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை குடிக்கலாம். எங்களுக்கு அந்த எல்லையும் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிளான்ட் ஓடுவது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு, எட்டரை வரை. வேலைக்குப் போனவர்கள் வந்து கேனில் பிடித்துக்கொள்ள அதுதான் தோது. ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், மிக்ஸி ஓடுவதும் அதே நேரம்தான். வோல்டேஜ் இறங்கி ட்யூப்லைட் கண் சிமிட்டும். அதே டிரான்ஸ்ஃபார்மரில் நாலு வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வோல்டேஜ் 250ஐத் தாண்டுவதால் இன்வர்ட்டர் ட்ரிப் ஆகிறது என்று அவர்கள் புலம்புகிறார்கள். ஒரே லைன்தான். மதியம் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை, சாயங்காலம் கொடுக்க மின்சாரம் இல்லை.

மதியம் மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்து தொட்டியில் வைத்துவிட்டு, சாயங்காலம் மோட்டாரைத் தொடாமல் குழாயை மட்டும் திறந்தால் என்ன? எங்களுக்கு உப்பு அதிகமாக இருப்பது பங்குனி, சித்திரை, வைகாசியில். வெயிலும் அப்போதுதான் கொளுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடி சோலார் படுக்கும்போது மழைத் தண்ணீரால் போரில் உப்பும் இறங்கிவிடுகிறது. இந்தப் பொருத்தத்தை நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லைன்மேன்:
தம்பி, 31 வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான். நீங்கள் சொல்கிற இரண்டு நோயும் உண்மை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

800 பேர் இருக்கிற ஊர் என்று வையுங்கள். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர், மொத்தம் 44,000 லிட்டர். 5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் மணிக்கு சுமார் பத்தாயிரம் லிட்டர் ஏற்றினால் நாலரை மணி நேரம், 16 அல்லது 17 யூனிட். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் என்றால் 4,000 லிட்டர். அந்த அளவு பிளான்டில் எல்லா மோட்டாரும் சேர்ந்து 2 கிலோவாட் இழுக்கும் என்று வைத்தால் 4 மணி நேரத்துக்கு 8 யூனிட். ஆக ஒரு நாளைக்கு 25 யூனிட்.

தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன்னால் நம் 25 யூனிட் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் உங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் 63 கே.வி.ஏ.வாக இருந்தால், இரண்டு மோட்டாரும் சேர்ந்த 5.7 கிலோவாட் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாயங்காலம் அதை எடுத்துவிட்டால் கடைசிக் கம்பத்து வீட்டுக்குக் கண்டிப்பாக வித்தியாசம் தெரியும். மதியம் அதைப் போட்டால் இரண்டு வீட்டுக் கூரையின் மிச்சத்தை அது குடித்துவிடும். அதனால் இதை மாநில கிரிட்டைத் தாங்கப் போகிற திட்டமாக யாரிடமும் விற்காதீர்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஃபீடர், அந்த அளவில் பேசுங்கள், நிற்கும்.

இன்னொன்று. மதியம் தினமும் மிச்சம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மே மாத வெக்கையில் ஏ.சி. ஓடுகிற நாளில் மதியமே இழுப்பு அதிகம். ஞாயிறு, பண்டிகை நாள், லேசாகத் தூறிக் குளிர்ந்த நாள், ஆடிக் காற்றில் காற்றாலை முழுசாகச் சுற்றுகிற நாள், அப்போதுதான் மிச்சம் பெருகும். கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுவதைவிட வோல்டேஜைப் பார்த்து ஓட்டுவது சரி. ஏறினால் மோட்டார் வேகத்தைக் கூட்டு, இறங்கினால் குறை. மோட்டார் வேகத்தை மாற்றுகிற வி.எஃப்.டி. டிரைவ் போட்டால் அது தானாகவே செய்யும்.

தரங்கை மகள்:
அண்ணே, கணக்கெல்லாம் சரி. தண்ணீர் பிடிப்பது யார் என்று யாரும் எழுதவில்லையே. எங்கள் தெருவில் குழாய் வருவது விடிகாலை ஐந்தரைக்கு. நூறு நாள் வேலைக்கும், கருவாடு காயப்போடவும் ஏழு மணிக்குப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். "மதியம் மின்சாரம் மிச்சம்" என்று யாராவது மதியம் திறந்துவிட்டால், வீட்டில் இருப்பது கிழவிகளும் குழந்தைகளும்தான். அவர்கள் எத்தனை குடம் தூக்குவார்கள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் இப்படித்தான் கேட்காமல் நேரத்தை மாற்றினார்கள். என் அத்தை இடுப்பு பிடித்துப் படுத்தது அந்தக் கோடையில்தான்.

கடைமடையான்:
அக்கா, நீங்கள் சொன்னதுதான் முதலில் வந்திருக்க வேண்டும், நான் எழுதத் தவறிவிட்டேன். மோட்டார் ஓடுகிற நேரம் மட்டும்தான் மாற வேண்டும். குழாய் திறக்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட மாறக் கூடாது. அதற்கு ஒரு நாள் தண்ணீரைத் தாங்குகிற தொட்டி வேண்டும். எங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர், காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் நிரப்புகிறார்கள். கீழே இன்னொரு 20,000 லிட்டர் சம்ப் கட்டினால்தான் மதியம் மொத்தத்தையும் ஏற்றி முடிக்க முடியும். ஆர்.ஓ. பக்கம் சுலபம், 2,000 லிட்டர் சின்டெக்ஸ் இரண்டு வைத்தால் ஒரு நாள் தேவை அடங்கிவிடும்.

காசு கணக்கிலும் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. சாயங்காலத்து மோட்டாரை பேட்டரியில் ஓட்டினால் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் பேட்டரியை மாற்ற வேண்டும். ஒழுங்காகக் கட்டிய சிமென்ட் தொட்டி என் பிள்ளை காலம் வரை நிற்கும்.

மெம்பரேன் மெக்கானிக்:
நாகையிலிருந்து கோடியக்கரை வரை ஆர்.ஓ. சர்வீஸ் பார்க்கிறேன். உப்பைத் தடுத்து நிறுத்துகிற சவ்வான மெம்பரேனுக்கு அடிக்கடி ஆன், ஆஃப் ஆவது பிடிக்காது, இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஓடிக்கொண்டிருந்த பிளான்டை அப்படியே நிறுத்தினால், மெம்பரேனுக்கு முன்னால் கெட்டியாக நிற்கிற உப்புத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அதனால் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரை உள்ளே விட்டு மூன்று நாலு நிமிஷம் கழுவ வேண்டும். கோடை வெக்கையில் ஓரிரு நாளுக்கு மேல் சும்மா விட்டால் உள்ளே பாசி மாதிரி வழவழப்பு பிடிக்கும். அப்போது சோடியம் பைசல்பைட் கரைசல் நிரப்பி வைக்க வேண்டும். மேகம் வந்து போகிற ஒவ்வொரு முறையும் ஆன், ஆஃப் செய்தால் மெம்பரேன் வருஷம் தாண்டாது.

ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அதற்கு நம் தண்ணீரில் இடம் இருக்கிறது. கடல் நீரைப் பிரிக்க 55 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். நெம்மேலி மாதிரி இடங்களில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போவது அதனால்தான். 2,500 டி.டி.எஸ். தண்ணீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 2 பார் அளவுதான். நாங்கள் 10, 12 பாரில் ஓட்டுகிறோம். வெயில் குறைந்தால் 7, 8 பாருக்கு இறக்கலாம், தண்ணீர் குறைவாக வரும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தம் குறையும்போது தண்ணீர் வருவது குறைகிறது, ஆனால் மெம்பரேன் வழியே கசிகிற உப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் மெதுவாக ஓட்டும்போது வருகிற தண்ணீர் கொஞ்சம் உப்பாகவே வரும். வெளிவருகிற குழாயில் உப்பளவைக் காட்டுகிற கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்து, எல்லை தாண்டினால் தானாக மறுபடி உள்ளே திருப்பிவிடுகிற வால்வு கட்டாயம். அப்புறம் சுண்ணாம்பு படியாமல் தடுக்கிற ஆன்டிஸ்கேலன்ட் மருந்து போடுகிற டோசிங் பம்ப். அது ஒரே அளவில் சொட்டிக்கொண்டே இருந்தால், பிளான்ட் மெதுவாகும்போது மருந்து அதிகமாகும், வேகமாகும்போது போதாமல் சுண்ணாம்பு பிடிக்கும். தண்ணீர் ஓட்டத்தோடு சேர்த்து அதையும் கட்ட வேண்டும். பாதி ஊரில் இதை மறந்துவிட்டு மெம்பரேனைக் குறை சொல்கிறார்கள்.

நிலத்தடி:
கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது, அதனாலேயே பயமும் இருக்கிறது.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீர் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1.025 கிலோ. இந்தச் சின்ன வித்தியாசத்தால் வருகிற கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேல் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், நிலைமை சமன்படும்போது அடியில் உப்பு 40 மீட்டர் மேலே வந்திருக்கும். உடனே நடக்காது, ஆனால் வந்தபின் திரும்பிப் போகவும் பல வருஷம் ஆகும். இது ஏட்டுக் கணக்குத்தான். நம் பக்கத்தில் களிமண் அடுக்குகள் நடுவில் இருப்பதால் இடத்துக்கு இடம் மாறும். திசை மட்டும் மாறாது.

மதிய மின்சாரம் மிச்சம், சும்மா கிடைக்கிறது என்று ஆனவுடன் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். விவசாய போர்களைச் சேர்த்தால் இன்னும் பெரிய லோடு கிடைக்கும், கிரிட்டுக்கு இன்னும் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். நேரத்தை மாற்றுங்கள், இறைக்கிற அளவைக் கூட்டாதீர்கள். உப்பை எடுக்க ஓடுகிற மோட்டாரே உப்பை மேலே இழுத்து வந்தால் நாம் யாருக்காக இதைச் செய்கிறோம்? ஒரே நேரத்தில் வேகமாக இறைப்பதும் போருக்கடியில் உப்பைக் கூம்பு மாதிரி மேலே இழுக்கும். ஆறு மணி நேரம் மெதுவாக ஓட்டுவது இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுவதைவிட நல்லது. வெயில் நேரம் நீளமாக இருப்பதால் அதற்கும் வசதிதான்.

குறுவைக்காரர்:
தண்ணீர் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், கழிவு எங்கே போகிறது? எங்கள் ஊர் பிளான்டில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடம் ரிஜெக்ட் போகிறது. வைத்தவர்கள் குழாயை வாய்க்காலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வாய்க்கால் என் வயலுக்கு வருகிறது. இரண்டு வருஷமாக மடை ஓரத்தில் பயிர் நுனி கருகுகிறது, மண் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கிறது. எழுதிக் கொடுத்தேன், பார்க்கிறோம் என்றார்கள். சுத்தமான குடிநீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பேரப் பிள்ளையும் அதைத்தான் குடிக்கிறான். ஆனால் பிளான்ட் நேரம் கூட ஓடும் என்றால் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உப்பளத்துப் பிள்ளை:
ஐயா சொல்வது நியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,500 டி.டி.எஸ். தண்ணீர் 8,000 லிட்டர் எடுத்து 4,000 சுத்தம் செய்தால், அதிலிருந்த சுமார் 20 கிலோ உப்பும் அநேகமாக மீதி 4,000 லிட்டரில்தான் போய்ச் சேரும். வருஷம் முழுக்க தினமும் இதே 20 கிலோ என்றால் 7 டன்னுக்கு மேல். அது வாய்க்காலில் போகிறது. ரிஜெக்ட் 5,000 டி.டி.எஸ். வரும். நெல் அவ்வளவு உப்பைத் தாங்காது.

எங்கள் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கடல் நீரில் 35,000 இருக்கிறது, இந்த ரிஜெக்ட் அதில் ஏழில் ஒரு பங்கு. பாத்தியில் விட்டால் இருக்கிற உப்பு நீரும் நீர்த்துப் போகும், எந்த உப்பளக்காரரும் வாங்க மாட்டார்.

ஆவியாக விடலாம். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால், 4,000 லிட்டருக்கு 800 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 20 சென்ட். நம் கணக்கில் அரை மாவுக்குச் சற்று மேல். கீழே தார்ப்பாய் போட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பை வாரி எடுத்துவிட வேண்டும். புறம்போக்கு இருக்கிற ஊருக்கு முடியும், எல்லா ஊருக்கும் முடியாது.

மெம்பரேன் மெக்கானிக்:
ரிஜெக்டைக் குறைக்க வேறு முறை இருக்கிறது. மின்கூழ்மப்பிரிப்பு, எலக்ட்ரோடயாலிசிஸ். ஆர்.ஓ.வில் தண்ணீரை அழுத்தி மெம்பரேன் வழியே தள்ளுகிறோம், உப்பு பின்னால் நிற்கிறது. இதில் தண்ணீர் மெம்பரேன்களுக்கு நடுவே ஓடும், இரண்டு பக்கமும் மின்தகடு வைத்து உப்பை மட்டும் பக்கவாட்டில் இழுத்து எடுத்துவிடுவார்கள். சோடியம் ஒரு பக்கம், குளோரைடு மறுபக்கம். எடுக்கிற உப்புக்குத் தகுந்த மின்சாரம்தான் போகும் என்பதால் நம் மாதிரி நடுத்தர உப்புத் தண்ணீருக்கு அது தோது. 80 சதவீதம் வரை நல்ல தண்ணீராக எடுக்கலாம், அப்படியானால் 4,000 லிட்டருக்கு ரிஜெக்ட் ஆயிரம்தான். உப்பளத்துப் பிள்ளை சொன்ன 20 சென்ட் 5 சென்ட் ஆகிவிடும்.

வெயிலோடு ஏறி இறங்குவதும் இதற்குச் சுலபம், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆட்கள் நியூ மெக்சிகோவில் 6 மாதம் ஓட்டிப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 5,000 லிட்டர் வரை வந்தது, பேனல் கொடுத்த மின்சாரத்தில் சராசரியாக 94 சதவீதத்துக்கு மேல் நேராகவே பயன்பட்டது. பெரிய பேட்டரி இல்லை. நம் ஊர்த் தேவையும் ஏறக்குறைய அதே அளவு என்பதால்தான் சொல்கிறேன். கிருமியை இது நீக்காது, குளோரினோ யு.வி.யோ தனியாக வேண்டும். நம் பக்கம் இதற்கு உதிரி பாகமும் சர்வீஸ் ஆளும் கிடைப்பது கஷ்டம். அதனால் இருக்கிற ஆர்.ஓ.வை முதலில் திருத்துவோம், அடுத்த பிளான்ட் வாங்கும்போது இதைக் கேட்போம்.

டேங்க் ஆபரேட்டர்:
நான் தலைஞாயிறு பக்கம். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிற ஆள். உங்கள் எல்லோரையும்விடப் படிப்பு குறைவு, ஒன்று மட்டும் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். கம்பமெல்லாம் முறிந்து கிடந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. தலைமட்டத்துக்கு மேலே 30,000 லிட்டர் தொட்டி காலியாக நிற்கிறது, கீழே போரில் தண்ணீர் இருக்கிறது, நடுவில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டால் ஊருக்கு ஊர் போட்டி. கடைசியில் டிராக்டரில் ஏற்றி வந்த ஜெனரேட்டரை இரண்டு மணி நேரத்துக்குப் பேசி, எத்தனை முடியுமோ அத்தனை ஏற்றினேன். தெருவில் குடத்தோடு நின்றவர்கள் முகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நாலாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆரம்பப் பள்ளிக் கூரையில் பேனல் தப்பித்து நின்றது. அதை மோட்டாரில் மாட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மதியம் மோட்டார் போடுவது எனக்குக் கஷ்டம் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போவதுதான் கஷ்டம். ஆனால் புயல் நாளில் இது ஓடுமா என்று சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

பழைய லைன்மேன்:
சாதாரண கூரை சோலார் ஓடாது, தம்பி. லைனில் கரண்ட் போனால் அந்த இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் வேலை செய்கிறவன் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பான், பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் வந்தால் அவன் கதி? கஜாவுக்குப் பிறகு வேலைக்கு வந்த எத்தனை பேர் அதை நம்பி ஏறினார்கள்.

வழி இருக்கிறது. சோலார் பம்ப் டிரைவ் என்று வருகிறது, பேனலிலிருந்து நேராக மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்து, சாதாரண நாளில் லைனோடு, புயல் நாளில் லைனை முழுசாகப் பிரித்துப் பேனலோடு ஓட்டலாம். பிரிக்கிற சுவிட்சில் விளையாட்டு கூடாது, மின் ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும். பேனல் சட்டத்தை நம் ஊர்க் காற்றுக்கு ஏற்பப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

பில் விஷயமும் ஒன்று. மத்திய அரசு 2023இல் திருத்திய மின் நுகர்வோர் விதிகளில் பகல் வெயில் நேரக் கட்டணம் 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊராட்சிக் குடிநீர் இணைப்பின் பில்லில் அந்த வித்தியாசம் வருகிறதா என்று எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் நேரத்தை மாற்றிய லாபம் ஊராட்சிக்குக் காசாகத் தெரியாது, அடுத்த தலைவர் வந்தவுடன் பழையபடி ஆகிவிடும்.

இன்னொரு பெரிய இடமும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. கொள்ளிடத்தில் எடுத்து வேதாரண்யம் வரை குழாயில் வருகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம். வழியெல்லாம் சம்ப், வழியெல்லாம் பெரிய மோட்டார். ஒரு ஊர்க்காரர் திருத்த முடியாததுதான். ஆனால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதை மெதுவாக்கி மதியம் ஈடுகட்ட முடிந்தால், நூறு ஊர் ஆர்.ஓ.க்களைவிட அது பெரிய காரியம்.

கடைமடையான்:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் அச்செடுத்துப் படித்தேன். ஞாயிறு ஊராட்சி அலுவலகத்தில் தலைவர், ஆபரேட்டர், சுய உதவிக் குழுப் பெண்கள் நாலு பேரோடு உட்கார்ந்தோம்.

சம்ப் கட்டக் காசு இல்லை, அதனால் மேல்நிலைத் தொட்டியை இப்போது தொடவில்லை. ஆர்.ஓ.வை மட்டும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பழைய இரண்டரை மணி நேரமே ஓட்டுவது, இன்னொரு 2,000 லிட்டர் தொட்டி வாங்குவது, கேன் பிடிக்கிற நேரம் பழைய ஆறு மணியே. நிறுத்தும்போது கழுவுகிற நேரத்தைச் சுவரில் எழுதிப்போட ஒப்புக்கொண்டார்கள். டிரைவும் கண்டக்டிவிட்டி வால்வும் எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் அண்ணன் விலை எழுதி அனுப்புங்கள். சாயங்கால வோல்டேஜை நான் தினமும் ஏழு மணிக்குக் கடைசிக் கம்பத்து வீட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன், மாற்றுவதற்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம்.

ரிஜெக்ட் குழாய் எங்கள் ஊரிலும் வாய்க்காலில்தான் விழுகிறது. குறுவைக்காரர் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். அது தீராமல் நேரத்தை நீட்டுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சுடுகாட்டுக்கு மேற்கே கொஞ்சம் புறம்போக்கு இருக்கிறது, அளந்து பார்க்க வேண்டும்.

குறுவைக்காரர்:
அளக்கும்போது சொல்லுங்கள், வருகிறேன். மேற்குப் பக்கம் மேடு என்றால் மழைக்கு வழிந்து எந்த வாய்க்காலில் சேரும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

தரங்கை மகள்:
அந்தச் சுவரில் எழுதும்போது குழாய் திறக்கிற நேரத்தையும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், தம்பி.